சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் ஏன் பல?

11 பிப்ரவரி 2025 – கடலோடி கேட்கிறார்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் 15,300 கி.மீ. சொச்சம் என்று போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் 9,500 மைல் சொச்சம். மூன்றாவதில் 8,290 மைல். விமானம் போன தடத்தைக் காட்டும் பக்கத்தில் 16,000 கி.மீ.க்கும் மேல். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையிலோ பதினெட்டரை. திரும்பி வர இன்னும் சற்றுக் கூடுதல். எதைத்தான் நம்புவது?

11 பிப்ரவரி, இரவு – பதில்

எல்லாவற்றையும் நம்பலாம். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை.

முதல் மூன்றும் ஒரே தூரம்தான். சாலையில் புழங்கும் மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் புழங்கும் கடல் மைல் 1.852 கி.மீ. எந்த மைல் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடுகிறவர்கள்மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. இரண்டுக்கும் 15 விழுக்காடு வித்தியாசம். இவ்வளவு நீண்ட பயணத்தில் மைலை மாற்றிப் புரிந்துகொண்டால் கணக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தப்பிப்போகும்.

நான்காவது எண், அன்றைக்கு அந்த விமானம் உண்மையில் பறந்த தூரம். அது நாளுக்கு நாள் மாறும். பதினெட்டரை மணி என்பது நிலையத்தில் நின்ற இடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் நொடி முதல், போய்ச் சேர்ந்த நிலையத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் வாயிலுக்கு வருவதும் அதில் அடக்கம். பெரிய நிலையங்களில் இதுவே அரைமணிக்கு மேல் ஆகும்.

பறப்புத் திட்டம் போடும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் காணும் பழக்கத்தை விடுங்கள். தூரம் பூமியைப் பொறுத்தது. நேரம் அன்றைய காற்றைப் பொறுத்தது.

12 பிப்ரவரி

அந்த 15,300 எங்கிருந்து வருகிறது என்று மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கணினி இல்லாமல், ஒரு துண்டுக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். இந்த இரண்டு நகரங்கள் அதற்கு அருமையாக வாய்த்திருக்கின்றன.

சிங்கப்பூர் விமான நிலையம் வட அட்சம் 1.36 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து வட துருவத்துக்கு 88.64 பாகை. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. நிலையம் வட அட்சம் 40.64. துருவத்திலிருந்து அதற்கு 49.36 பாகை. இப்போது தீர்க்கரேகைகளைப் பாருங்கள். ஒன்று கிழக்கே 104, மற்றொன்று மேற்கே 74. கூட்டினால் 178. அதாவது இரண்டு நகரங்களும் துருவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஏறத்தாழ நேரெதிரே நிற்கின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி கிட்டத்தட்டத் துருவத்தின் மேலேயே போகிறது. 88.64 உடன் 49.36-ஐக் கூட்டினால் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்குங்கள்: 15,345 கி.மீ.

நுணுக்கமாகப் போட்டால் அந்தப் பாதை துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. விலகிப் போகும். பூமி துல்லியமான உருண்டை இல்லை என்பதால் ஓரிரு கி.மீ. ஏறி இறங்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களிலும் நூலை வைத்து இழுத்துப் பாருங்கள். நூல் தானாக நழுவி வடக்கே ஏறி, ஆர்க்டிக்கில் போய் நிற்கும். இதுதான் பெருவட்டப் பாதை.

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் என்ன ஆகும்? சிங்கப்பூரிலிருந்து மேற்கே போய் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் சேரும் அந்த நேர்கோட்டின் நீளத்தைக் கணக்கிட்டேன். 18,500 கி.மீ. வருகிறது. பார்க்க நேராக இருக்கும் கோடு 3,000 கி.மீ.க்கு மேல் சுற்று. 1569-இல் மெர்காட்டர் வரைந்த அந்த வகை வரைபடம் மாலுமிகளுக்காகச் செய்யப்பட்டது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு அது உயிர் காக்கும் கருவி. தூரம் அளப்பது அதன் வேலை இல்லை.

12 பிப்ரவரி, பிறகு

"தினமும் துருவ வழியிலா போகிறார்கள்?" என்கிறீர்கள், கடலோடி. இல்லை, அப்படி நான் சொல்லவில்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக்கின் வடபகுதி வழியாகத்தான். காரணம் வருகிறது. பொறுங்கள்.

14 பிப்ரவரி

"பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. விமானம் மேற்கே போனால் ஊர் எதிரே ஓடி வருமே, ஏன் அதிக நேரம் ஆகிறது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இதைப் பலர் மனத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு நன்றி.

நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறது. காற்று அதோடு சேர்ந்து சுழலாமல் நின்றிருந்தால், அங்கே நிற்கிறவர் முகத்தில் எந்நேரமும் அந்த வேகத்தில் காற்று அறைந்துகொண்டிருக்கும். அப்படி இல்லை. காற்று பூமியோடு ஒட்டிச் சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. ஊர் எதிரே வராது.

ஆனால் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லமுடியாது. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மேல்வானில் காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று வழியில் கிழக்கே திரும்புகிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் குறுகிய பட்டையாக ஓடும் அந்த வேகக் காற்றுதான் ஜெட் காற்றோட்டம். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுதான். உங்கள் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை எழுதுவது அந்தக் காற்று.

15 பிப்ரவரி

மேசையில் எங்கள் முன் வரும் காகிதத்தைச் சொல்கிறேன். நீளமாக அச்சாகி வரும். அதன் தலைப்பகுதியில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கும்: தரைத் தூரம், காற்றுத் தூரம். அதற்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும். 'எம் 030' என்றால் வழி முழுக்கச் சராசரியாக 30 நாட், அதாவது மணிக்கு 30 கடல் மைல், எதிர்க்காற்று. 'பி 030' என்றால் அதே அளவு பின்காற்று. நான் பார்த்த மூத்த விமானிகள் பலர் காகிதத்தை வாங்கியதும் கண்ணை முதலில் ஓட்டுவது அங்கேதான். தூரம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு கணக்கு. தரைத் தூரம் 8,000 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குள் விமானத்தின் வேகம் 488 நாட். எதிர்க்காற்று 30 நாட் என்றால் 17 மணி 28 நிமிடம். பின்காற்று 30 நாட் என்றால் 15 மணி 27 நிமிடம். அதே இரண்டு ஊர், அதே விமானம், அதே வேகம், இரண்டு மணி நேர வித்தியாசம். முதல் விமானம் காற்றுக்குள் 8,520 கடல் மைல் பறந்திருக்கிறது, இரண்டாவது 7,540 தான். ஆற்றில் எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவன் கரையில் கடந்த தூரத்தைவிட நீரில் கடந்த தூரம் அதிகம் அல்லவா, அதுதான் இது. இயந்திரம் எரிபொருளைக் குடிப்பது காற்றுத் தூரத்துக்கு.

"போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாமே" என்பார்கள். முடியாது. 9,000 கி.மீ. தூரம், வேகம் 900. காற்றே இல்லாவிட்டால் போக 10, வர 10, ஆக 20 மணி. 100 கி.மீ. காற்று இருந்தால் ஒரு பக்கம் 1,000 வேகத்தில் 9 மணி, மறுபக்கம் 800 வேகத்தில் பதினொன்றே கால். ஆக இருபதே கால். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் கணக்கு ஒருபோதும் சமமாவதில்லை. காற்று வலுக்க வலுக்க இந்த இழப்பும் கூடும்.

19 பிப்ரவரி

காற்றுக்காகத் தூரத்தையே கூட்டிக்கொள்வார்களா என்பது அடுத்த கேள்வி. கூட்டிக்கொள்வார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் டெல்லி – சான்பிரான்சிஸ்கோ.

பெருவட்டப்படி சுமார் 12,380 கி.மீ. தொடக்கத்தில் ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாகப் போனது, ஏறத்தாழ 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதே விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது. 1,400 கி.மீ. அதிகம். நேரமோ சுமார் பதினான்கரை மணி, முன்பு ஆனதைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. முதுகில் வழி முழுக்கப் பின்காற்று.

வகுத்துப் பாருங்கள். சராசரி மணிக்கு 1,055 கி.மீ. அந்த விமானத்தால் தன் சொந்த பலத்தில் அந்த வேகம் போகவே முடியாது. மிச்சம் முழுவதும் காற்று கொடுத்தது.

திரும்பும்போது எதற்கு அதே காற்றை எதிர்க்க வேண்டும்? 2017-இல் முழுக்கப் பெண்களே இயக்கிய ஒரு விமானம் பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாகத் திரும்பியது. இரு முறையும் கிழக்கே பறந்து உலகையே சுற்றிவிட்டார்கள். அந்தத் திட்டத்தைப் போட்டவரின் மேசைக்குப் பக்கத்தில் அன்று உட்கார்ந்திருக்க எனக்கு ஆசை.

கடலோடி, உங்கள் நியூயார்க் விமானம் ஏன் துருவத்தை விட்டுவிட்டுப் பசிபிக் பக்கம் போகிறது என்பதற்கும் இதுதான் பதில்.

20 பிப்ரவரி

"அப்படியானால் பயணிகள் விமானம் ஒலியைத் தாண்டியிருக்கிறதா? 2020-இல் செய்தி வந்ததே?"

தாண்டவில்லை. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.ஐத் தாண்டியது. அது தரையை வைத்து அளந்த வேகம். ஒலியின் தடை காற்றுக்குள் இருக்கிறது, அதை அது தொடவே இல்லை. உண்மையில் ஒலியைத் தாண்டிய கான்கார்ட் 1996 பிப்ரவரி 7 அன்று அதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் கடந்தது. அது வேறு சாதி விமானம்.

26 பிப்ரவரி

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காற்றை முதலில் அளந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

1920-களில் ஜப்பானின் தாதெனோ ஆய்வு நிலையத்தில் வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் பலூன்களை விட்டு மேல்காற்றை அளந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே நம்பமுடியாத வேகத்தில் மேலைக்காற்று வீசுவதைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். வெளிநாட்டில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1944-இல் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள், தங்கள் விமானம் எதிர்க்காற்றில் ஏறக்குறைய நின்றுவிடுவதைப் பார்த்துத் திகைத்தார்கள். அதற்குள் ஜப்பானிய ராணுவம் அதே காற்றில் வெடிகுண்டு கட்டிய பலூன்களைப் பசிபிக்கைத் தாண்டி அனுப்பத் தொடங்கியிருந்தது.

ஓயிஷி விட்ட பலூன்களுக்கும் இன்று நம் பயண நேரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இன்றும் உலகெங்கும் வானிலை பலூன்கள் தினமும் இரண்டு வேளை ஏறுகின்றன. விமானங்களும் தாம் சந்திக்கும் காற்றை அளந்து அனுப்புகின்றன. அவை இல்லாமல் எங்கள் காகிதத்தில் அந்த 'எம்', 'பி' எண் வராது.

5 மார்ச்

கடிகாரக் குழப்பம். இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

அட்டவணையில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் கிடைப்பது எதுவுமே இல்லை. சிங்கப்பூரில் நள்ளிரவு புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால் அங்கே மாலை ஆறரை. நியூயார்க் கோடையில் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருப்பதால், இறங்கும்போது காலை ஆறரை, அதே தேதி. முள் கடிகாரம் கட்டியவர் அதைத் தொடவே வேண்டாம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி.

டோக்கியோ – லாஸ் ஏஞ்சலிஸ் இன்னும் வேடிக்கை. கோடையில் மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறுங்கள். 10 மணி நேரம் பறங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவீர்கள், புறப்பட்டதற்கு ஆறு மணி நேரம் முன்னால். தேதிக்கோட்டைக் கடந்ததால் வருவது இது. திரும்பும்போது அந்த நாளை வாங்கிக்கொண்டு விடுவார்கள்.

உண்மையான நேரம் வேண்டுமா? இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். எங்கள் மேசையில் எல்லாமே அந்த நேரத்தில்தான் ஓடும். சுவரில் உள்ளூர் நேரம் காட்டும் கடிகாரத்தை யாரும் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

இன்னொன்று, இது பணத்தைக் கரைக்கும் விஷயம். என் அண்ணியின் தங்கை குடும்பத்துக்கு 15-ஆம் தேதி 00:10-க்கு விமானம். 15-ஆம் தேதி இரவு பத்து மணிக்குப் பெட்டிகளோடு நிலையத்தில் நின்றார்கள். விமானம் 14-ஆம் தேதி இரவே, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில், போய்விட்டிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைத் திருப்பி, தேதியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். குழந்தைகள் பெட்டிமேல் உட்கார்ந்தபடி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன. டிக்கெட் எடுத்துக்கொடுத்த முகவர், "முந்தைய நாள் இரவே கிளம்பிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நள்ளிரவுக்கும் காலை மூன்று மணிக்கும் இடையில் புறப்படும் விமானம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதியை டிக்கெட்டின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

6 மார்ச்

அந்த 900-க்குத் திரும்புவோம். எல்லோரும் 900 என்று எடுத்துக்கொள்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது?

நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 84, 85 விழுக்காட்டில் பறப்பதாகத் திட்டமிடப்படுகின்றன. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. அந்த உயரத்தில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் −56.5 பாகை செல்சியஸில் ஒலி மணிக்கு 1,062 கி.மீ. போகும். அதில் 85 விழுக்காடு 903. நம் 900 அதுதான்.

ஆனால் துருவப் பக்கம் வெளியே −65 இருந்தால்? ஒலியின் வேகம் 1,041-க்கு இறங்கிவிடும். விமானத்தின் வேகமும் 885 ஆகிவிடும். காற்றே அசையாவிட்டாலும், வெறும் குளிரால் மட்டும் மணிக்கு 18 கி.மீ. போயிற்று. 15 மணி நேரத்தில் 270 கி.மீ. பிப்ரவரி 11 அன்று "காற்றைப் பொறுத்தது" என்று நான் எழுதியதில் காற்றின் ஓட்டத்தோடு அதன் குளிரையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் −47 பாகையில் உறையத் தொடங்கும், அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ −40-இலேயே. மணிக்கணக்கில் கடுங்குளிரில் பறந்தால் இறக்கைத் தொட்டியில் எரிபொருள் குளிர்ந்துகொண்டே வரும். எல்லையை நெருங்கினால் விமானி கீழே இறங்கி வெதுவெதுப்பான காற்றைத் தேட வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். உறைந்துபோன கடலுக்கு மேலே உள்ள குறுகிய வழி எப்போதும் மலிவான வழி இல்லை.

22 மார்ச்

நேற்று லண்டன் ஹீத்ரோ நாள் முழுக்க மூடிக்கிடந்தது. துணை மின்நிலையத்தில் தீ. வழியில் இருந்த விமானங்கள் சில திரும்பிவிட்டன, சில வேறு நகரங்களில் இறங்கின. "பாதிக்குமேல் வந்துவிட்டது, ஏன் திரும்பியது?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார்.

பாதி என்பது தூரத்தில் பாதியா, நேரத்தில் பாதியா? முந்தைய 9,000 கி.மீ. கணக்கையே எடுங்கள். போகும்போது 1,000, திரும்பினால் 800. முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரே நேரம் ஆகிற புள்ளி 4,500-இல் இல்லை, 4,000-இல் இருக்கிறது. எதிர்க்காற்றில் போகிறவருக்கு அது 5,000-க்குத் தள்ளிப்போகும். ஆகவே சில விமானங்கள் தூரத்தில் பாதியைத் தாண்டிய பிறகும் திரும்பிவிடுவது நியாயம்தான். திரும்பும் ஊரில் நிற்க இடமும், மாற்று ஊழியர்களும், பயணிகளுக்கு அடுத்த விமானமும் கிடைக்கும் என்பது வேறு.

25 ஏப்ரல்

நேற்று முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டது. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை இதே நிலை இருந்தது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடலுக்கு வந்து, பிறகு மேலே ஏற வேண்டும். வரைபடத்தில் தூரம் ஒரு கி.மீ.கூட மாறவில்லை. நேரம் மாறிவிட்டது.

இதைவிடக் கடுமையான உதாரணம் ஹெல்சிங்கி – டோக்கியோ. பெருவட்டப்படி 7,800 கி.மீ. சொச்சம், ரஷ்யாவின் மேலே ஒன்பதரை மணி. ஐரோப்பாவில் கிழக்குக்கு இவ்வளவு பக்கமாக ஹெல்சிங்கி இருப்பதை வைத்தே பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேர் தன் வணிகத்தைக் கட்டியிருந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி மூடியதும், அதே விமானம் வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டிச் சுற்றிக்கொண்டு டோக்கியோ சேர வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 13 மணி நேரம். நூலை வைத்து அளந்தால் இந்த எண் வரவே வராது.

அரசியல் மட்டுமா? நிலமும் தடுக்கும். திபெத் பீடபூமிக்கு மேலே விமானங்கள் அபூர்வமாகவே போகின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கு, அதாவது மூன்று கி.மீ. உயரத்துக்கு, இறங்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடிக்கு வரும் ஆக்சிஜன் பொதுவாகக் கால்மணி நேர அளவுக்குத்தான். திபெத்தில் தரையே நான்கு கி.மீ.க்கு மேல். எங்கே இறங்குவது? மேலேயிருந்து திடலாகத் தெரியும் இடம் எங்கள் காகிதத்தில் பெரிய ஓட்டை.

27 ஏப்ரல்

"கூடுதலாக எரிபொருள் நிரப்பிவிட்டுப் போகட்டுமே" என்பவருக்கு: எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு மூன்று நான்கு விழுக்காடு அதைச் சுமப்பதிலேயே எரிந்துபோகும் என்பது எங்கள் கைக்கணக்கு. 15 மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதி கரைந்துவிடும். இதனால்தான் மிக நீண்ட வழிகளில் சில நேரம் இருக்கைகளைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறார்கள், அல்லது நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்புகிறார்கள். ஒரு முறை இறங்கி ஏறினால் ஒன்றரை மணி நேரமாவது போய்விடும். அதுவும் பயண நேரம்தான். தூரக் கணக்கில் அது எங்கும் தெரியாது.

9 மே

டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் விமானங்கள் சில இப்போது வியன்னாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போகின்றன. மேலே சொன்னதுதான்.

இன்னும் நீண்ட பயணம் சாத்தியமா என்று கேட்டவருக்கு இரண்டு எண்கள். 2019 அக்டோபரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு ஓர் ஆய்வுப் பறப்பு நடத்தியது. சுமார் 16,200 கி.மீ., 19 மணி 16 நிமிடம். அடுத்த மாதம் லண்டனிலிருந்து சிட்னிக்கு: 17,800 கி.மீ., 19 மணி 19 நிமிடம். இரண்டிலும் ஐம்பது பேர் அளவில்தான். 1,600 கி.மீ. அதிகம், மூன்று நிமிடம் அதிகம்! ஒன்று மேற்கே போனது, மற்றது கிழக்கே போனது. இந்த இழையில் நான் எழுதிய அத்தனையையும் அழித்துவிட்டு இந்த இரண்டு வரியை மட்டும் வைத்திருந்தாலும் போதும் என்று தோன்றுகிறது.

2020 மார்ச்சில் ஏர் தஹிதி நுயி விமானம் தஹிதித் தீவின் பப்பீத்தேயிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் 15,715 கி.மீ. பறந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக லாஸ் ஏஞ்சலிஸில் நிற்கும். கொரோனாக் கட்டுப்பாட்டால் நிற்க முடியவில்லை. 15 மணி 45 நிமிடம். தஹிதி பிரான்ஸின் பகுதி என்பதால் அது உள்நாட்டுப் பயணம் என்பது கூடுதல் வியப்பு.

10 மே

கடலோடி, எந்த மாதம் போகலாம் என்று கேட்டீர்கள். நேரம் மட்டும்தான் கவலை என்றால், வடகோளத்தில் ஜெட் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். கிழக்கே போகிறவருக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சாதகம். அதே மாதங்களில் மேற்கே திரும்புகிறவர் பாடு சிரமம். நீங்கள் இரண்டும் போகப்போகிறீர்கள் என்பதால், பிப்ரவரி 15 கணக்குப்படி காற்று மெலிந்த கோடைதான் மொத்தத்தில் உங்களுக்கு இலாபம். அடுத்த விமானத்துக்கான இடைவெளியை, திரும்பும் வழியில் தாராளமாக வையுங்கள்.

18 மே

கடைசியாக வந்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: பூமியில் இரண்டு ஊர்களுக்கிடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரம் எவ்வளவு?

சுமார் 20,000 கி.மீ. சுற்றளவு 40,000 சொச்சம், அதில் பாதி. அதற்குமேல் தூரமான ஊர் பூமியில் கிடையாது. அந்தப் பக்கம் போனால் மறுபடி நெருங்க ஆரம்பித்துவிடும். ஏறத்தாழ அந்த உச்சத்தில் நிற்கும் இணை, நியூசிலாந்தின் ஆக்லாந்தும் ஸ்பெயினின் செவில்லும். கணக்கிட்டால் 19,900-ஐத் தாண்டுகிறது.

சரியாக நேரெதிர்ப் புள்ளிகளுக்கு நூல் வைத்துப் பாருங்கள். நூல் எந்தப் பக்கமும் நழுவாது. வடக்கே போனாலும், தெற்கே போனாலும், எந்தத் திசையில் போனாலும் தூரம் ஒன்றே. பெருவட்டம் ஒன்றல்ல, எண்ணற்றவை. அப்படி ஒரு விமானத்துக்குத் திட்டம் போடுகிறவர் தூரத்தை ஒரு முறைகூடப் பார்க்க வேண்டியதில்லை. காற்று, குளிர், திறந்திருக்கும் வான்வெளி, வழியில் இறங்க இடம், இவை மட்டும்தான் கேள்வி.

ஆக்லாந்திலிருந்து நான் போட்டால் கிழக்கே தென் பசிபிக்கின் மேலைக்காற்றைப் பிடித்து, தென் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, அட்லாண்டிக்கில் வடகிழக்காக ஏறிச் செவில்லில் இறக்குவேன். திரும்பும் விமானத்தையும் கிழக்கேதான் அனுப்புவேன்.